அமரர் ஆன தாத்தாவும் அட்டை மடிச்ச பொண்ணும்

(பட்டிமன்றத் தலைப்பு: தொழிலுக்கு ஆள் எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அனுபவமே! குணமே! — ‘குணமே’ அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! அனுபவத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து எதிரணியில் உட்கார்ந்திருக்கிற நண்பர்களே!

எனக்கு முன்னால பேசின அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. “குணம் நல்லா இருக்குன்னு கார் ஓட்டத் தெரியாதவனை டிரைவரா வச்சா நடுவர் வீடு போய்ச் சேருவாரா?”ன்னு. (சிரிப்பு) சேரமாட்டார். ஒத்துக்கிறேன். ஆனா வண்டி ஓட்டக் கத்துக் கொடுத்திரலாம்மா. வழியில அடிபட்டுக் கிடக்கிறவனைப் பார்த்தா வண்டியை நிறுத்தணும்கிற புத்தியை எந்த டிரைவிங் ஸ்கூல்ல கத்துக் கொடுப்பீங்க? (கைதட்டல்)

நான் பேராசிரியர் இல்லைங்கய்யா. மதுரையில சின்னதா ஒரு அச்சகம் வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கடை பில் புக். மொத்தம் ஏழு பேர், என்னையும் சேர்த்து. வேலைக்கு ஆள் எடுக்கிறதுல நான் வாங்கின அடியை முதல்ல சொல்லிடறேன்.

ஆரம்பத்துல நானும் எதிரணிதான். அனுபவஸ்தரா ஒரு மெஷின்மேனைத் தேடிப் பிடிச்சேன். பன்னிரண்டு வருஷ அனுபவம். 15,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்டார், கொடுத்தேன். வேலை? குறையே சொல்ல முடியாது. அவர் கலர் வச்சா பத்திரிகையில இருக்கிற மீனாட்சியம்மன் எழுந்து வர்ற மாதிரி இருக்கும். ஆனா ஒரு பழக்கம். மை கலக்குற நேரம் வந்தா உதவிக்கு நிக்கிற பையனை “டேய், டீ வாங்கிட்டு வா”ன்னு அனுப்பிடுவார். பையன் டீயோட வரும்போது மை கலந்து முடிஞ்சிருக்கும். ரெண்டு வருஷத்துல அந்தப் பையன் கத்துக்கிட்டது எந்தக் கடையில டீ நல்லா இருக்கும்கிறதுதான். (சிரிப்பு)

ஆவணி மாசம். முகூர்த்தத்துக்கு மேல முகூர்த்தம். ஒருநாள் காலையில மெஷின்மேன் வரலை. வேற ஒரு பிரஸ்ல மாசம் 200 ரூபாய் கூடக் கொடுத்திருக்காங்க. போயிட்டார். மெஷின் இருக்கு, பேப்பர் இருக்கு, ஆர்டர் இருக்கு. ஓட்ட ஆள் இல்லை. பொண்ணைப் பெத்தவர் ஒருத்தர் என் கடைவாசல்ல நின்னு, “தம்பி, ஊர்ல பாதிப் பேருக்கு வெறுங்கையோட போய் வாயால சொல்லிட்டு வர்றேன்யா”ன்னார். திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

அந்த மெஷின்மேனை நான் குறை சொல்லலை. 200 ரூபாய் அவருக்கு ஒரு மாசத்துப் பால் செலவு. தப்பு என்னுது. கடை மொத்தத்தையும் ஒரே ஆளோட விரல்ல கொண்டுபோய் வச்சது நான்தானே?

அதுக்கப்புறம் செக்கானூரணிப் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு வேலைக்கு வந்துச்சு. பிளஸ் டூ படிச்சிருந்தது. பிரஸ் வேலை ஒண்ணும் தெரியாது. பத்திரிகை மடிச்சு கவர்ல போடுற வேலை கொடுத்தேன். மூணாவது வாரம், 600 பத்திரிகை அடிச்சாச்சு. மடிச்சுக்கிட்டிருந்த பொண்ணு எழுந்து வந்து, “அண்ணே, போன வாரம் இங்க வந்து டீ குடிச்சிட்டுப் போனாரே ஒரு தாத்தா, அவர் இறந்துட்டாரா?”ன்னு கேட்டுச்சு. “ஏம்மா?”ன்னேன். “அவர் பேருக்கு முன்னாடி ‘அமரர்’னு போட்டிருக்குண்ணே!” (பலத்த சிரிப்பு)

பழைய பத்திரிகை ஒண்ணை வச்சுக்கிட்டு பேரை மட்டும் மாத்தியிருக்காங்க. ‘அமரர்’ அப்படியே நின்னுபோச்சு. நடுவர் அவர்களே, புரூப் பார்த்தவருக்கு இருபது வருஷ அனுபவம்! அனுபவம் அந்தத் தாத்தாவை உயிரோட மேல அனுப்பிடுச்சு. நேத்து வந்த பொண்ணு இழுத்துப் பிடிச்சிருக்கு! (கைதட்டல்) “மடிக்கிறதுதானம்மா உன் வேலை, நீ எப்படிக் கவனிச்ச?”ன்னு கேட்டேன். “மடிக்கிறப்ப படிப்பேண்ணே. யாரு வீட்டுக் கல்யாணம்னு தெரிஞ்சுக்கலாம்ல”ன்னுச்சு. அடுத்தவங்க வீட்டுக் கல்யாணத்தைத் தன் வீட்டுக் கல்யாணமா நினைக்கிறதுக்கு எத்தனை வருஷ அனுபவம் வேணும்? எதிரணி சொல்லட்டும்.

‘இது உங்க ஏழு பேர் கடைக்குச் சரி, பெரிய இடத்துக்குச் சரிப்படுமா’ன்னு கேட்பீங்க. நம்ம மதுரை அண்ணா நகருக்கே வாங்க. 1976-ஆம் வருஷம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கண் டாக்டர், 11 படுக்கையோட ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினார். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. அரவிந்த் கண் மருத்துவமனை. அன்னிக்கு அது என் பிரஸ் மாதிரி ஒரு சின்ன இடம்தான். நோயாளிகள் ஆயிரக்கணக்கில். எல்லா வேலையையும் டாக்டரே செய்யணும்னா எந்தக் காலத்துல முடியும்?

அவர் என்ன செய்தார்? சுத்துப்பட்டுக் கிராமங்கள்ல பள்ளிப் படிப்பு முடிச்ச பொண்ணுங்களை எடுத்தார். ஆஸ்பத்திரி அனுபவம் துளி கிடையாது. இரக்கம் இருக்கா, உழைக்கிற மனசு இருக்கா, இதைத்தான் பார்த்தாங்க. உதவித்தொகை கொடுத்து 2 வருஷம் பயிற்சி. பார்வை சோதிக்கிறது, கண்ணுல அழுத்தம் பார்க்கிறது, கண்ணாடிக்கு அளவு எடுக்கிறது, பயந்துபோன பாட்டிக்கு ஆறுதலா விவரம் சொல்றது, ஆபரேஷன் மேஜையில அடுத்த நோயாளியைத் தயார் பண்றது எல்லாம் அந்தப் பொண்ணுங்க. டாக்டர் ஒரு மேஜையில முடிச்சிட்டுத் திரும்பினா, அடுத்த மேஜையில அடுத்தவர் தயாரா இருப்பார். டாக்டர் கத்தியை மட்டும் பார்த்தால் போதும். இதை 1993-ல் அமெரிக்காவுல ஹார்வர்டு வணிகப் பள்ளி பாடமா எழுதி வச்சது. நம்ம உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துப் பொண்ணுங்க மாதிரி பொண்ணுங்க சேர்ந்து செய்த வேலை, ஐயா! (கைதட்டல்)

1992-ல் அதே மதுரையில அரோலேப் தொடங்கினாங்க. கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ். வெளிநாட்டுல இருந்து வந்தப்போ ஏழைக்கு எட்டாத விலை. அதை இங்கேயே செய்து பத்து டாலர் அளவுக்குக் கொண்டு வந்தாங்க. அங்கேயும் நுணுக்கமா செய்யுற கைகள்ல பெரும்பாலானவை இந்தக் கிராமத்துப் பொண்ணுங்க கைதான்.

ஒரு நியாயத்தையும் சொல்லிடணும். கத்தி பிடிச்சது படிச்ச டாக்டருங்கதான். அவரோட தங்கை, தங்கை கணவர் எல்லாம் தேர்ந்த கண் டாக்டர்கள். குணவதியா இருக்கான்னு பார்த்து யார் கையிலயும் கத்தியைக் கொடுத்திடலை. குணத்தைப் பார்த்து எடுத்தா முதலாளிக்கு வேலை கூடுதல். ரெண்டு வருஷம் சொல்லிக் கொடுக்கணும், சோறு போடணும், வீணாப் போறதைத் தாங்கணும். என் பிரஸ்ல அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர் கத்துக்கிறதுக்குள்ள எட்டு மாசம், எத்தனை ரீம் பேப்பர் போச்சுன்னு என் வீட்டம்மாகிட்ட கேளுங்க. (சிரிப்பு) அனுபவஸ்தனைத் தேடுறதுல பாதி, கத்துக் கொடுக்க நமக்கு இருக்கிற சோம்பல்தானே?

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’னு ஒரு அதிகாரம் வச்சார். உடனே அடுத்து ‘தெரிந்து வினையாடல்’. ஆளை ஆராய்ஞ்சு எடுக்கிறது ஒண்ணு. எடுத்த ஆள்கிட்ட வேலையை ஒப்படைக்கிறது இன்னொண்ணு. நாம முதல் அதிகாரத்திலேயே புத்தகத்தை மூடிடறோம்.

இன்னொரு சேதி. அந்த டாக்டர் வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்துல வடமலாபுரத்துக்காரர், விவசாயி மகன். ராணுவத்துல டாக்டரா இருந்தவருக்கு முடக்குவாதம் வந்து கைவிரல் எல்லாம் வளைஞ்சு போச்சு. வேலையும் போச்சு. அந்த விரலைப் பார்த்து எந்த முதலாளி இவர் ஒரு கண் அறுவை டாக்டர்னு வேலைக்கு எடுப்பான்? அவர் தன் விரலுக்கு ஏத்த மாதிரி கருவிகளைச் செய்துக்கிட்டு, ஒரு லட்சத்துக்கு மேல கண் ஆபரேஷன் பண்ணினார். 2006-ல் மறைஞ்சார்.

மணி அடிக்கப் போறார் நடுவர், தெரியுது. ஒரே நிமிஷம்யா.

இன்னிக்கு என் கடையில ஆள் எடுக்கிறது அந்தச் செக்கானூரணிப் பொண்ணுதான். வேலை கேட்டு யாராவது வந்தா ஒண்ணும் கேட்காது. ஐம்பது பத்திரிகையைக் கொடுத்து, “மடிச்சுக் குடுங்க”ன்னு உட்கார வைக்கும். நடுவுல ஒண்ணு தலைகீழா அச்சான பத்திரிகை இருக்கும், அதுவே சொருகினது. சிலபேர் மடமடன்னு மடிச்சிட்டு, “முடிஞ்சது”ம்பாங்க. சிலபேர் அதை எடுத்துத் தனியா வச்சிட்டு, “அக்கா, இது ஒண்ணு சரியில்லை”ம்பாங்க. போன மாசம் ஒரு பையன், சரியில்லாததை எடுத்து வச்சதோட நிறுத்தாம, “அக்கா, ஒண்ணு குறையுது, வேற ஒண்ணு குடுங்க, கல்யாணக்காரங்களுக்குக் கணக்குக் குறையக் கூடாதுல்ல”ன்னான்.

அவன் மறுநாளே வேலைக்கு வந்துட்டான், நடுவர் அவர்களே. மெஷின்ல நிக்கிறான். மை கலக்கும்போது டீ வாங்க நான் போறேன். (சிரிப்பு, பலத்த கைதட்டல்)