ஊர்காணலும் பொருள்கொளலும்



சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஊர்காண் காதை என்றொரு பகுதி உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளின் காவலில் புறஞ்சேரியில் இருத்திவிட்டுக் கோவலன் தனியனாய் நகருக்குள் செல்கிறான். வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகச் சொல்லித்தான் போகிறான். ஆயினும் காதை நெடுகிலும் பேசப்படுவது அவன் கண்ட காட்சிகளே. வேனிலின் கடைநாள், வெயில் எரிக்கிறது. பொருள் அனைத்தையும் இழந்தவன் பொன்னும் மணியும் துகிலும் கூலமும் குவிந்த வீதிகளைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான். ஒன்றும் வாங்கவில்லை. கதிர் நுழையாதபடி கொடிகள் பந்தலிட்ட நிழலில் ஊரைக் கண்டு மகிழ்ந்து திரும்பினான் என்று இளங்கோவடிகள் முடிக்கிறார். பின்னர் நேரப்போவதை அறிந்த நமக்கு அந்த மகிழ்ச்சி நெஞ்சைப் பிசைகிறது.

அவன் எதைக் கண்டு மகிழ்ந்தான்? மணிவீதியை வருணிக்கும் இடத்தில் அடிகள் வெறும் பளபளப்பைப் பேசவில்லை. வயிரத்தின் குற்றங்கள், மரகதத்தின் ஒளி, மாணிக்கத்தின் வகைகள், காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் முத்துக்கு நேரும் குறைகள் ஆகியவற்றை ஒரு தேர்ந்த வணிகனின் கண்கொண்டு அடுக்குகிறார். பொன்னிலும் நால்வகை. எதை நாடி வருவோரும் மயங்காமல் இருக்கப் பொற்கடைகளில் கொடி கட்டியிருக்கிறார்கள். கோவலனிடம் காசில்லை, கண் இருந்தது.

தமிழர் இன்று ஊர்காணச் செல்லும் நகரங்களுள் பாங்காக் முன்வரிசையில் நிற்பது. சென்னையிலிருந்து மூன்றரை மணி நேர வான்பயணம். 1782இல் முதலாம் இராமர் என்னும் சக்ரி மன்னர் சாவ் பிரயா ஆற்றின் கீழ்க்கரையில் அமைத்த தலைநகர். அதன் சித்திரை வெயில் சென்னை வெயிலுக்கு இளைத்ததன்று. அதனாலோ என்னவோ, அந்நகரில் இன்பநுகர்ச்சி என்பதன் பாதி குளிர்ச்சியாகவே இருக்கிறது. 1999இல் ஓடத் தொடங்கிய வான்தொடரியின் பாதையை ஒட்டிச் சயாம் வட்டாரத்தில் பேரங்காடிகள் நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மேல்நடைபாதை வழியே, பெருமளவு நிழலிலேயே, போய்விடலாம். மதுரையின் கொடிப்பந்தருக்குப் பதிலாக இங்கே குளிர்பதனப் பொறி. நடைபாதையின் கீழே கொதிக்கும் தார்ச்சாலையோரத்தில் மாங்காய் சீவுபவளும் இறைச்சி வாட்டுபவனும் நாள்முழுதும் நிற்கிறார்கள். மேலே நடப்பவர் கண்ணுக்கு அவர்கள் ஒரு காட்சி, அவ்வளவே.

பிரதுநாம் துணிச்சந்தையில் வேறொரு வகைத் தமிழரைக் காணலாம். சென்னை வழக்கில் இவர்களுக்குக் குருவி என்று பெயர். வானூர்தியில் வந்து, மூட்டையாகத் துணி வாங்கி, ஓரிரு நாளில் திரும்பிக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள். சொகுசுப் பயணிகள் இவர்களைச் சற்று இளப்பமாகப் பார்ப்பது வழக்கம். ஆனால் துணியை இருவிரலுக்கிடையே தேய்த்து, பருத்தி எவ்வளவு, செயற்கை இழை எவ்வளவு, இரண்டாம் வண்ணானுக்குத் தாங்குமா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களே. கோவலன் மரபுக்கு உரியவர் யார் என்று கேட்டால், விலைச்சீட்டை மட்டும் பார்த்து வாங்குபவரைவிட இந்தக் குருவிகளையே சொல்லவேண்டும்.

கண்ணில்லாத கொள்முதலுக்கு அந்நகரம் கொடுக்கும் தண்டனை ஊரறிந்தது. பேரரண்மனை வாயிலருகே நன்கு உடுத்திய ஒருவர் பணிவோடு வருவார். “இன்று புத்தர் திருநாள், அரண்மனை பிற்பகல்தான் திறக்கும்” என்பார். மூன்று சக்கர ஊர்தியை மலிவாகப் பேசி அமர்த்தித் தருவார். வழியில் ஒரு கோயில். அங்கே தற்செயலாக எதிர்ப்படும் இன்னொருவர், அரசு ஆதரவில் நடக்கும் மணிக்கல் விற்பனைக்கு அன்றே கடைசி நாள் என்பார். சில மணி நேரத்தில் பயணி, ஊரில் பன்மடங்கு இலாபத்துக்கு விற்கும் கனவோடு, மிகத் தாழ்ந்த தரத்து நீலக்கற்களை நெடுவிலை கொடுத்து வாங்கியிருப்பார். அரண்மனையோ அன்று முழுவதும் திறந்தே இருந்திருக்கும். பல்லாண்டுகளாகச் சுற்றுலாத் துறையார் எச்சரித்தும் இந்த நாடகம் ஓய்ந்தபாடில்லை. ஏமாற்றுபவன் திறமை பாதி. குறைந்த விலைக்குக் கொண்டு பெருவிலைக்கு விற்கலாம் என்னும் வாங்குபவரின் ஆசை மீதி.

வியப்பு என்னவெனில், மணிக்கல்லை உண்மையாகவே அறிந்தோர் உலகில் செறிந்து வாழும் ஊர்களுள் அதுவும் ஒன்று. சீலோம் சாலை வட்டாரத்துக் கல் வணிகரும், சந்தபுரி நகரத்துக் கல் சுடுவோரும் இத்தொழிலில் பெயர்பெற்றவர்கள். இலங்கை இரத்தினபுரிப் பகுதியில் கெவுடா என்றொரு கல் கிடைக்கும். பால் கலங்கியதுபோன்ற நிறம். அதற்கு அங்கே பெரிய மதிப்பிருந்ததில்லை. 1970களில் தாய்லாந்து வணிகர் அதனை மலிவாக வாங்கிக் கொண்டுபோய் 1500 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உலையிலிட்டனர். கல்லினுள் நுண்ணிழைகளாகக் கிடந்த டைட்டானியம் கரைந்து, உடனிருந்த இரும்போடு கூடியபோது கலங்கல் நீங்கிச் செழுநீலம் பிறந்தது. வைத்திருந்தவர் அறியாததை வாங்கியவர் அறிந்திருந்தார். இதில் ஏமாற்று இல்லை. சூடேற்றிய கல் என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வணிகமே. இலங்கையர் இக்கலையைப் பின்னர்க் கற்றுக்கொண்டனர்.

அந்நகரத்தின் பெருஞ்செல்வங்கள் இரண்டும் அறியாமையின் கதையையே சொல்கின்றன. மரகதப் புத்தர் என்று உலகம் போற்றும் திருமேனி மரகதத்தால் ஆனதன்று. ஏறக்குறைய 66 செண்டிமீட்டர் உயரமுள்ள பச்சைக்கல் படிமம். கோடை, மழை, குளிர் என மூன்று பருவங்களின் தொடக்கத்திலும் அதன் பொன்னாடையை மாற்றுவது மன்னரின் கடமை. 1434இல் சியாங்ராயில் இடிவிழுந்த தூபியில் அது சுதைபூசிய சிலையாகக் கிடைத்ததென்றும், மூக்கருகே சுதை உதிர்ந்தபோதுதான் பச்சை தெரிந்ததென்றும் பழங்கதை கூறும். மற்றொன்று, பொற்கடைகள் நிறைந்த சீனர் வட்டாரத்து வாயிலில் திரைமித்திரர் கோயிலில் இருக்கும் பொற்புத்தர். ஏறத்தாழ ஐந்தரை டன் எடை. அதுவும் சுதைச் சிலையென்றே எண்ணப்பட்டு, இருபதாண்டுக் காலம் தகரக் கூரையின்கீழ்க் கிடந்தது. 1955இல் புதிய இடத்துக்குத் தூக்கும்போது கயிறு அறுந்து விழுந்து சுதை பெயர்ந்தது. அத்தனை ஆண்டுகளும் அக்கோயிலைக் கடந்து சென்றோர், சில அடி தொலைவிலிருந்த கடைகளில் பொன்னை நிறுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தமிழர்க்கு அந்நகரில் உள்ள செல்வம் இன்னொன்று. செந்நிறத் தேக்குக் கம்பங்களால் ஆன பேரூஞ்சல் பாங்காக்கின் அடையாளங்களுள் ஒன்று, 1784இல் நிறுவப்பட்டது, 2007இல் புதுப்பிக்கப்பட்டது. அதில் அந்தணர் ஊசலாடும் விழா 1935இல் நின்றுபோயிற்று. விழாவின் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். திருவெம்பாவை, திருப்பாவை என்னும் சொற்களின் திரிபென்று தமிழர் செவிக்கு உடனே தெரியும். ஊசல் நின்றாலும் வழிபாடு நிற்கவில்லை. மார்கழியையொட்டி, எதிரிலுள்ள தேவத்தானத்தில் அரசவை அந்தணர் திருவெம்பாவைப் பாடல்களைக் கயிலை வாயில் திறக்கும் மந்திரமாக இன்றும் ஓதுகின்றனர். கிரந்தத்தை ஒத்த எழுத்தில் ஏட்டில் காத்து, தலைமுறை தலைமுறையாய் வாய்மாறி வந்த ஓசை. ஓதுவோர்க்குப் பொருள் தெரியாது. தனிநாயகம் அடிகள் போன்ற அறிஞர் எழுதியிராவிடில் தமிழ்நாட்டில் பலருக்கு இச்செய்தியே எட்டியிராது. துயிலும் தோழியைக் கதவு திறக்க அழைக்கும் பாட்டு, கயிலைக் கதவைத் திறக்கும் பாட்டாகியிருப்பது எத்துணை பொருத்தம்!

பொருளறியாதவர் காக்கிறார்கள், பொருளறிந்தவர் கடந்துபோகிறார்கள். சுற்றுலா ஊர்திகள் பேரூஞ்சலருகே வேகம் தணிக்கின்றன. சன்னல் வழியே படமெடுத்துக்கொள்கிறார்கள். எதிர்ப்புறத்து வெண்சுவருக்குள் இருப்பது என்னவென்று கேட்குமுன்னரே ஊர்தி துணிக்கடைத் தெருவுக்குத் திரும்பிவிடுகிறது; அங்கே கடைகள் மாலைவரைதான்.