பழகுதலும் ஒரு பாடமே



திருமண வீடுகளில் காணும் காட்சி ஒன்று உண்டு. பிள்ளைகள் கூடி விளையாடுகின்றனர். ஒரு சிறுவன் மட்டும் விலகி நின்று, சுழலும் மின்விசிறியையே நோக்கியிருக்கிறான். திடீரென நடுவே புகுந்து, இரயில் நேரங்களை ஒப்பிக்கிறான். பிள்ளைகள் நகைக்கின்றனர். ‘வளர்ப்புச் சரியில்லை’ என்கிறார் பெரியவர் ஒருவர். தாய் தலை குனிகிறாள். அடுத்த திருமணத்திற்கு அக்குடும்பம் வருவதில்லை.

இப்பழி புதிதன்று. 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் என்னும் நிலையை விரித்துரைத்தார். தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என அங்கும் பலர் நம்பினர். ஆட்டிசம் உடைய மகனுக்குத் தந்தையான உளவியலறிஞர் பெர்னார்டு ரிம்லண்ட், 1964இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை மறுத்தார். இது மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு; வளர்ப்பின் குற்றமன்று.

பிற பிள்ளைகள் பார்த்தே அறியும் உலக வழக்கை, இப்பிள்ளைகளுக்கு அரிச்சுவடி போலப் படிப்படியாகக் கற்பிக்க வேண்டும். மிச்சிகன் மாநில ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் ‘சமூகக் கதை’ என்னும் முறையை வகுத்தார். ‘திருமண வீட்டில் பலர் பேசுவார்கள். மேளம் ஒலிக்கும். சத்தம் மிகுந்தால் அம்மாவிடம் சொல்லி அமைதியான அறைக்குப் போகலாம்’ என, நிகழப் போவதை முன்கூட்டியே பிள்ளைக்கு எழுதிக் காட்டலாம். கட்டளை குறைந்து, விளக்கம் மிகுந்திருப்பதே இம்முறையின் சிறப்பு.

வளரிளம் பருவத்தினருக்காகக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் எலிசபெத் லாகசன், ஃபிரெட் பிராங்கெல் இருவரும் ‘பியர்ஸ்’ பயிற்சியை உருவாக்கினர். பிள்ளைகளுக்கு ஓர் அறையிலும், பெற்றோருக்கு அதே வேளையில் மற்றோர் அறையிலும் வாரந்தோறும் வகுப்பு நடைபெறும். பிறர் பேச்சில் சேருமுன் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். பொருளை அறிய வேண்டும். சிறு இடைவெளி வரும்வரை காத்திருக்க வேண்டும். பின்னர் அப்பொருளை ஒட்டியே பேச வேண்டும். ஏற்காவிடில் சினமின்றி விலக வேண்டும். நண்பனை வீட்டிற்கு அழைத்து விளையாடுவதும் வீட்டுப்பாடமாகும். வகுப்பறையில் கற்றது வாழ்க்கைக்குத் தானே வந்துவிடாது. ஆதலால்தான் பெற்றோரும் பயிற்றுநராகின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசும்படி வற்புறுத்துவதும், கைகளை ஆட்டாதே என அடக்குவதும் பயிற்சி ஆகா. அவை பிள்ளையை நடிக்க மட்டுமே பழக்கும். தாமும் ஆட்டிசம் உடையவரான பிரித்தானிய ஆய்வாளர் டேமியன் மில்டன், புரிதலின்மை இரு பக்கத்தும் உள்ளது என 2012இல் எடுத்துரைத்தார். சிறுவன் பிறரை அறியாதது போலவே, பிறரும் அவனை அறியவில்லை.

ஆகவே, பாடம் அச்சிறுவனுக்கு மட்டும் உரியதன்று. நகைத்த பிள்ளைகளுக்கும் உண்டு. பழித்த பெரியவருக்கும் உண்டு. அடுத்த திருமணத்தில் அத்தாயின் அருகே ஒருவர் சென்று அமரட்டும். ஒரு பிள்ளை அவனிடம், ‘அந்த இரயில் எத்தனை மணிக்கு?’ என்று கேட்கட்டும். அவன் விடை சொல்வான். பழக்கம் அங்கே தொடங்கும்.