எவரும் பார்க்காத உரையாடல்

நாலரை ஆண்டு மருத்துவப் படிப்பை முடித்து, ஓராண்டுக் கட்டாயச் சுழற்சிப் பயிற்சிக்காக வார்டுக்குள் நுழையும் இளம் மருத்துவர், வழக்கில் ஹவுஸ் சர்ஜன் எனப்படுபவர், இரத்தம் எடுக்கவும் கேஸ் ஷீட் எழுதவும் சில வாரங்களில் பழகிவிடுகிறார். ஆனால் கட்டிலில் இருப்பவரிடமும் அவருக்குத் துணையாக வந்தவரிடமும் பேச வேண்டிய வேளையில் அவர் குரல் தாழ்ந்துபோவதையோ, தேவைக்கு மேல் உயர்ந்துவிடுவதையோ எந்தப் பெரிய மருத்துவமனையிலும் காணலாம். இவ்விரண்டும் தன்னம்பிக்கைக் குறைவின் இரு முகங்களே என்பதும், அக்குறை அவரைப் பயிற்றுவிக்கும் முறையில் வேர்கொண்டது என்பதும் இவ்வுரையின் கருத்து.

நோயாளியிடம் நோய் வரலாற்றைக் கேட்டறிந்து பரிசோதிப்பதை மாணவர்கள் 'கேஸ் எடுப்பது' என்பார்கள். மரபான செய்முறைத் தேர்வில் 'லாங் கேஸ்' எனப்படும் பகுதியில், மாணவர் நோயாளியோடு தனியே பேசி, பரிசோதித்து, குறிப்பு எழுதி முடித்த பிறகே தேர்வாளர் வந்து, அக்குறிப்பைக் கேட்டு அதன்மேல் வினாத் தொடுப்பார். மாணவர் அந்நோயாளியை எப்படி அழைத்தார், அவர் பேச்சை எந்த இடத்தில் வெட்டினார், 'நெஞ்சைப் போட்டுப் பிசையுது' என்று அவர் சொன்னதை 'நெஞ்சுவலி' என்று சுருக்கியபோது எது விடுபட்டது என்பவை தேர்வாளரின் காதுக்கு எட்டுவதே இல்லை. ஒரு மருத்துவர் தம் பணிக்காலம் முழுதும் மற்றெதைவிடவும் மிகுதியாகச் செய்யப்போகும் செயல் நோயாளியோடு பேசுவது. சிறு தையலுக்குக்கூட மேற்பார்வை உள்ள கல்வியில் இந்த ஒன்றை மட்டும் ஆசிரியர் எவரும் அருகிருந்து பாராமலேயே ஒருவர் பட்டம் பெற்றுவிட முடிந்திருக்கிறது.

அனுபவம் தானே கற்றுக்கொடுக்கும் என்று மூத்தோர் சிலர் விடை சொல்வதுண்டு. பிரிட்டனில் லெஸ்லி ஃபாலோஃபீல்டும் அவர் குழுவினரும் 34 புற்றுநோய் மையங்களைச் சேர்ந்த 160 மருத்துவர்களைக் கொண்டு நடத்தி, 2002ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு அவ்விடையை ஏற்கவில்லை. ஆண்டுகள் ஏறுவதால் மட்டும் பேச்சின் குறைகள் தீர்வதில்லை என்பதையும், மூன்று நாள் முறையான பயிற்சி பெற்றவர்கள் நோயாளியின் உணர்வுக்கு இடமளிக்கும் சொற்களைக் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள் என்பதையும் அது காட்டியது. இருபது ஆண்டுப் பணியில் ஒரே தவறு இருபது ஆண்டும் தொடரக்கூடும். அதனால் வரும் துணிவையும் தன்னம்பிக்கை என்றே உலகம் அழைக்கிறது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

கேட்பதற்கு நேரமில்லை என்னும் மறுப்பும் ஆராயத்தக்கது. அமெரிக்காவில் ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் ஆகிய இருவரும் 74 மருத்துவச் சந்திப்புகளைப் பதிவுசெய்து 1984ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிய சராசரி 18 நொடிகளில் மருத்துவர் இடைமறித்தது தெரியவந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், இடைமறிக்காமல் கேட்கப் பழக்கப்பட்ட மருத்துவர்களிடம் 335 நோயாளிகள் தாமாகப் பேசி நிறுத்த எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 92 நொடிகளே என்று 2002இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறுகிறது. நூறு பேர் வரிசையில் நிற்கும் ஓ.பி. அறையை பாசல் மருத்துவமனையோடு ஒப்பிடுவது நியாயமாகாது. எனினும் ஒன்றரை நிமிடம் என்பது அந்த ஓ.பி. அறையிலும் எட்டாத தொலைவன்று.

உரையாடலைப் பார்த்துத் திருத்தும் வழி புதியதும் அன்று. தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பரோஸ், 1963ஆம் ஆண்டிலேயே ஓவிய மாணவர்களுக்கு மாதிரியாக அமரும் பெண்ணொருவரை நரம்பு நோயாளியாக நடிக்கப் பழக்கி, மாணவர்கள் அவரைச் சோதித்த விதத்தை அவரைக் கொண்டே மதிப்பிடச் செய்தார். 'நடிப்பு நோயாளி' எனப்படும் அம்முறை தொடக்கத்தில் ஏளனத்துக்கு ஆளாகி, பின்னர் உலகெங்கும் பரவியது. 1975இல் டண்டீ நகரின் ரொனால்ட் ஹார்டன் குழுவினர் வகுத்த 'ஆஸ்கி' தேர்வு, மாணவரைப் பல நிலையங்களில் சுற்றிவரச் செய்து, தேர்வாளரின் கண்முன்னேயே அவரைச் செயல்பட வைத்தது. மெய்யான நோயாளிக்குத் தீங்கு நேராமல் மாணவர் தவறிப் பேசவும், அதே பேச்சை மறுமுறை திருத்திப் பேசவும் இம்முறைகள் இடம் தந்தன. தன்னம்பிக்கை விளைவது அந்த இடத்தில்தான்.

இந்தியாவிலும் 2019ஆம் ஆண்டு சேர்க்கையிலிருந்து மனப்பான்மை, அறநெறி, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கான 'ஏட்காம்' பாடம் எம்.பி.பி.எஸ். கல்வியில் சேர்க்கப்பட்டுள்ளது. இது வரவேற்கத்தக்கது, ஆயினும் இருநூற்றைம்பது மாணவர்கள் அமர்ந்த விரிவுரை அரங்கில் திரையில் ஓடும் படங்களாக அது முடிந்துவிடுமானால், நீச்சலைக் கரும்பலகையில் கற்பித்த கதையாகிவிடும்.

பார்த்துத் திருத்தும் பயிற்சியின் தேவை, துயரச் செய்தியைச் சொல்வதில் இன்னும் தெளிவாகிறது. அமெரிக்காவின் வால்டர் பெய்ல், டொராண்டோவின் ராபர்ட் பக்மன் முதலியோர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஸ்பைக்ஸ்' என்னும் ஆறு படி முறை, தனியிடம் அமைத்தல், நோயாளி அறிந்திருப்பதைக் கேட்டல், எவ்வளவு அறிய விரும்புகிறார் என வினவல், எளிய சொல்லில் உரைத்தல், உணர்ச்சிக்கு மறுமொழி தருதல், அடுத்து ஆவதைத் தொகுத்துச் சொல்லல் என்று அமைந்தது. தமிழகத்து வார்டில் மூன்றாம் படிக்கு வருமுன்பே, 'அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்' என்று மகன் வராந்தாவில் வழிமறிப்பார். அவரை அதட்டுவதும் அவர் சொன்னபடியே பொய் கூறுவதும் எளிது. மகனின் அச்சம் எதுவென்று கேட்டு, தந்தை எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே வினவ இசைவு பெறுவது கடினம். இந்தக் கடினமான உரையாடலை இருபத்து மூன்று வயது மருத்துவர் முதன்முதலாகப் பேசும் இடம் வராந்தாவாக இருக்கலாகாது. ஆசிரியர் முன்னிலையில் மகனாக நடிக்கும் ஒருவரோடு முன்பே பலமுறை பேசியிருக்க வேண்டும்.

அந்த மகனாக நடிப்பவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை என்பதால் இச்செய்தி மருத்துவர் அல்லாதோருக்கும் உரியதாகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நாடகக் கலைஞர்கள், நோயுற்றுத் தேறியவர்கள் ஆகியோரை மருத்துவக் கல்லூரிகள் அழைத்து, சில நாள் பழக்கி, உரிய ஊதியமும் கொடுத்துப் பயன்படுத்தலாம். பல நாடுகளில் இது ஊதியம் தரும் வேலை, சேவை என்ற பெயரில் இலவசமாகப் பெறத்தக்கதன்று. அவர்கள் இறுதியில் மாணவரிடம் கூற வேண்டியதும் பாராட்டோ கண்டனமோ ஆகாது. எந்தச் சொல்லில் தமக்கு அச்சம் தெளிந்தது, எந்த இடத்தில் தாம் கேட்க நினைத்த கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள் என்ற இரண்டு மட்டுமே.