சோறும் அதன் துணைகளும்

(பாளையங்கோட்டையில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, தொழில், விவாகம் முதலியவற்றைக் குறித்து இம்மேடையிற் பலகாற் பேசியிருக்கின்றோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் நம் அடுக்களையைச் சார்ந்தது. உடற்பருமனைக் குறைக்க விரும்புவோர் சோற்றை என் செய்வது என்பதே அது. இஃது அற்ப விஷயமெனச் சிலர் நினைக்கலாம். நம் குடும்பங்களில் நாற்பது வயதாகுமுன்னரே நீரிழிவு கண்டு, மாத்திரைப் பெட்டியைச் சுமந்து திரிவோரை எண்ணிப் பார்ப்பின் அங்ஙனம் நினைக்கத் தோன்றாது.

தாமிரவருணிப் பாய்ச்சலில் காரும் பிசானமுமாக இருபோகம் விளையும் நாடு நமது நாடு. ஆதலால் சோறே சாப்பாடு, ஏனையவெல்லாம் தொடுகறி என்பது நம் வழக்காயிற்று. வயலில் இறங்கிப் பாடுபட்ட முன்னோர்க்கு அவ்வழக்குப் பொருந்தியது. நம்மிற் பெரும்பாலோரோ நாற்காலியில் அமர்ந்து ஜீவனம் செய்கின்றோம். முருகன்குறிச்சியிலிருந்து வண்ணார்பேட்டைக்குச் செல்வதற்கும் வண்டி வேண்டியிருக்கிறது. உழைப்புக் குறைந்துவிட்டது; உலையிலிடும் அரிசி குறையவில்லை. செலவானது போக மிஞ்சிய ஆகாரத்தை உடல் கொழுப்பாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. அது நம்மவர்க்குப் பெரும்பாலும் வயிற்றைச் சுற்றியே தங்குகிறது. இடுப்பின் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரையும், பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால் எச்சரிக்கையடைய வேண்டுமென மருத்துவர் கூறுகின்றனர்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தேசமெங்கும் நடைபெற்ற ஆய்வொன்று, இந்நாட்டில் நீரிழிவுடையோர் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் என்று 2023-இல் அறிவித்தது. நம் ஜனங்கள் உண்ணும் ஆகாரத்தின் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாச்சத்திலிருந்தும், 12 பங்கு மட்டுமே புரதத்திலிருந்தும் கிடைக்கின்றன என்று அதே ஆய்வு 2025-இல் காட்டியது. தென்னாட்டில் அம்மாச்சத்து பெரும்பாலும் தீட்டிய வெள்ளையரிசியே.

இதனைக் கேள்வியுற்ற சிலர் மறுகோடிக்கு ஓடுகின்றனர். சோறு விஷமென்று சொல்லி அறவே விலக்குகின்றனர். இதுவும் புதிதன்று. லண்டனில் வாழ்ந்த வில்லியம் பாண்டிங் என்பார் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு முதலியவற்றைத் தவிர்த்துத் தம் பருமனைக் குறைத்த வரலாற்றை 1863-இலேயே ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ஆயினும் 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 609 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு சோதித்தனர். ஒரு பிரிவார் கொழுப்பைக் குறைத்தனர்; மற்றவர் மாச்சத்தைக் குறைத்தனர். முன்னவர் சராசரி 5.3 கிலோவும் பின்னவர் 6 கிலோவும் இளைத்தனர், பொருட்படுத்தத்தக்க பேதமில்லை. இரு பிரிவாரும் சர்க்கரையையும் தீட்டிய மாவையும் தவிர்த்துக் காய்கறிகளை மிகுதியாக உண்ணுமாறு பணிக்கப்பட்டவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒன்றை அடியோடு விலக்குவதால் மட்டும் வெற்றியில்லை. நெடுநாள் கடைப்பிடிக்கக்கூடிய சமநிலையே வேண்டுவது.

அச்சமநிலையை ஒரு கணக்கால் விளக்குவோம். கலோரி என்பது ஆகாரத்தின் சக்தியை அளக்கும் அளவை. நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்பவர்க்கு அதனால் சுமார் 1,400 கலோரியும் 30 கிராம் புரதமும் கிடைக்கும். அவர் அரிசியை 250 கிராமாகக் குறைத்து, 60 கிராம் உளுந்தையோ பயற்றையோ சேர்ப்பாராயின், கலோரி சுமார் 1,075 ஆகும். புரதமோ 33 கிராமாக உயரும். உண்ணும் சக்தி முந்நூறு கலோரிக்கு மேல் குறைந்தும் புரதம் குறையவில்லை. சோற்றைக் குறைத்துவிட்டு அவ்விடத்தை வெறுமையாக விடுவோர்க்குப் பசி மிகும்; கொழுப்போடு தசையும் கரையும்; சில வாரங்களில் பழைய பருமன் திரும்பும். ஆகவே குறைத்த இடத்தைப் பருப்பு, காய், கீரை, மோர், மீன், முட்டை ஆகியவற்றுள் நமக்கு இயைந்தவற்றால் நிரப்புவதே முறை.

ஆகார ஆராய்ச்சி நம் மாகாணத்திலேயே வேரூன்றியது. 1918-இல் குன்னூரில் மக்காரிஸன் துரை தொடங்கிய ஆராய்ச்சிக் கூடமே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகிறது. அந்நிலையம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், தானியத்தால் வரும் சக்தி நூற்றுக்கு 45 பங்கை மிஞ்சலாகாது என்று கூறியுள்ளது. 2,000 கலோரி வேண்டுவோர்க்குத் தானியம் 250 கிராம், பருப்பு அல்லது மாமிசம் 85 கிராம், காயும் கீரையுமாக 400 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி என்பது அதன் திட்டம்.

இதற்காக நாம் பிறர் பண்டங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் சீமையின் உளுந்தம்பருப்புச் சோற்றை நினையுங்கள். தோலுளுந்தும் அரிசியும் பூண்டும் வெந்தயமும் சேர்ந்து வேகும் அவ்வுணவில், அரிசிப் புரதத்திற் குறைவான லைசின் என்னும் சத்தை உளுந்து தருகிறது. உளுந்திற் குறைவான மெதியோனினை அரிசி தருகிறது. நம் பாட்டிமார் இப்பெயர்களை அறியார், பொருளை அறிந்திருந்தனர். தேங்காயையும் நல்லெண்ணெயையும் மட்டும் அளவோடு சேர்த்தல் வேண்டும். கொழுப்பு, கிராமுக்கு 9 கலோரி தருவது.

இனி, தாய்மார்களைப் பற்றிய ஒன்றைச் சொல்லாமல் விடுதல் தகாது. நம் வீடுகளில் யாவரும் உண்டபின் கடைசியில் உண்பவள் அடுக்களையில் நின்றவளே. அப்போது பருப்பும் கூட்டும் தீர்ந்திருக்கும்; பானையிற் சோறும், சட்டியில் அடிக்குழம்புமே எஞ்சியிருக்கும். ‘வீணாக்கலாகாதே’ என்று அவற்றையே அவள் உண்கின்றாள். பின்னர், ‘பெருத்துவிட்டாள்’ என்று நாம் ஏளனம் செய்கின்றோம்! அவள் பெருத்தது பேராசையாலன்று. நாம் மிச்சம் வைத்தது சோறொன்றே ஆகையால். உடலிற் பருமனும் இரத்தத்திற் சோகையும் ஒருங்கே ஒருத்திக்கு உண்டாவது இவ்வாறுதான். இக்குறையை நீக்க மருந்து வேண்டியதில்லை. யாவரும் ஒருங்கமர்ந்து உண்டால் போதும்.

எச்சரிக்கையும் சில சொல்வோம். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழக்கூடும். சிறுநீரக நோயுடையோர் புரதத்தைத் தாமாக உயர்த்தலாகாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மெலிவதற்காகப் பட்டினி கிடத்தல் கூடாது. ஹைகிரவுண்டு அரசாங்க ஆஸ்பத்திரி நமக்கு அருகிலேயே இருக்கிறது. கேட்டுச் செய்வதில் வெட்கமென்ன?

முடிவாக மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, அரிசியைக் கைக்கு வந்தபடி உலையிலிடாமல் ஆழாக்கால் அளந்து இடுக. இரண்டாவது, இலையில் காயும் பருப்பும் முன்னர் விழ, அவற்றை உண்ட பின்னர்ச் சோறு வருக. அங்ஙனம் உண்போர்க்கு உணவுக்குப் பின் சர்க்கரை அதிகம் ஏறுவதில்லையெனச் சில சோதனைகள் காட்டுகின்றன. மூன்றாவது, நம் சங்க விருந்துகளில் இனிப்பை ஒன்றாக நிறுத்தி, சுண்டலும் கூட்டும் இருமுறை பரிமாறுவதென அடுத்த கூட்டத்தில் தீர்மானம் செய்வோம்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் மூலிகைகளின் பெயர் எதனையும் கூறவில்லை. முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதையே பெரிதும் வலியுறுத்துகிறது. சோற்றைப் பகையாக எண்ணாமல், தனியே விடாமல், தக்க துணைகளோடு இலையில் அமர்த்துவோமாக.