விலைவாசியும் நம் வருமானமும்



நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடைகளில் நம் முன்னோர் கூலியை நெல்லாகவே பெற்றனர். அளந்தது குறைவே, ஆயினும் அரிசி விலை ஏறினால் அந்நெல்லின் மதிப்பும் உடன் ஏறிற்று. கூலி பணமாக மாறியபின் அக்காப்பு நீங்கிற்று. விலை தானே ஏறும். கூலியோ கேட்டுப் பெற்றாலன்றி ஏறாது.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 72ஐ ஆண்டு விலையேற்ற விழுக்காட்டால் வகுத்தால், விலை இரட்டிப்பாகும் காலம் ஏறத்தாழக் கிடைக்கும். நூற்றுக்கு 4 எனில் 18 ஆண்டுகள். 6 எனில் 12 ஆண்டுகளே. அவ்வாறாயின், முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கையில் வீட்டுச் செலவு இருமடங்காகியிருக்கும்.

இது நம் பிள்ளைகளின் கல்வியை நேரே தொடுகிறது. ஆதிதிராவிட மாணவர் பத்தாம் வகுப்புக்கு மேல் பயில மத்திய அரசுத் திட்டம் வழங்கும் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2013-14 முதல் 2.5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2021இல் திட்டத்தைத் திருத்தியபோதும் வரம்பு அதுவே. ஆனால் 2012ஐ 100 எனக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 2021இல் 160ஐத் தாண்டிவிட்டது. விலைக்கு ஈடாக மட்டும் கூலி உயர்ந்த தொழிலாளி முன்னிலும் வசதி பெற்றவரல்லர். எனினும் ஏட்டின்படி வரம்பைக் கடந்தவராகிறார். அவர் பிள்ளை உதவித்தொகையை இழக்கிறது.

ஆகவே இளைஞர்களே, தொகையை மட்டும் பாராதீர்கள். அது எத்தனை படி அரிசி வாங்கும் என்று கேளுங்கள். கூலியும் உதவித்தொகையும் வருமான வரம்பும் விலைக் குறியீட்டெண்ணோடு இணைந்து உயர வேண்டுமென அரசுக்கு எழுதுங்கள். நம் சங்கமும் இம்முறையீட்டுக்குத் துணைநிற்க வேண்டுகிறேன்.