வேலையோடு ஒரு படிப்பு

(கோலியர்ஸ் வுட்டில் நடைபெற்ற எமது சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரிதாக மாற்றாமல் தருகிறோம்.)



வேலை செய்துகொண்டு படிப்பது பற்றிப் பதினைந்து நிமிஷம் பேசும்படி செயலாளர் கேட்டார். இந்த மண்டபத்தில் பலருக்கு என்னை "ஹொஸ்பிற்றல் அக்கா" என்றுதான் தெரியும். யாழ்ப்பாணத்தில் நேர்ஸ் படித்து, 1993 இல் இங்கே வந்து, முதியோர் இல்லத்தில் கட்டில் விரித்து, பிறகு இங்கத்தைய பதிவு எடுத்து 1998 இல் திரும்பவும் நேர்ஸ் ஆனவள் நான். அது உங்களில் பலருடைய கதையும்தான். ஆகவே அதை விட்டுவிட்டு, 2010 இல், நாற்பத்துமூன்று வயதில், ஒஸ்ரியோபதி படிக்கப் போன கதையைச் சொல்லுகிறேன்.

முதலில் அது என்ன படிப்பு என்று சொல்ல வேண்டும். என் மாமியார் இன்றைக்கும் நான் "எலும்பு முறிவு வைத்தியம்" படித்ததாகத்தான் ஊருக்குச் சொல்லுகிறா. முறிந்த எலும்பை நாங்கள் தொடுவதில்லை, அது ஆஸ்பத்திரி வேலை. நாரிநோ, பிடரிநோ, தோள்மூட்டு இறுக்கம், முழங்கால் உளைவு என்று வருகிறவர்களைக் கையால் சோதித்து, தசையையும் மூட்டையும் கையாலேயே இளக்கி, தேகப்பயிற்சியும் சொல்லிக் கொடுப்பதுதான் பெரும்பாலான வேலை. மருந்து எழுதுவதில்லை. அமெரிக்காவில் இதே பெயரில் படிப்பவர்கள் முழு டொக்டர்மார். இங்கே அப்படியில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

இதைத் தொடங்கியவர் அன்ட்ரூ ரெயிலர் ஸ்ரில் என்ற அமெரிக்க வைத்தியர். 1864 இல் மூளைக்காய்ச்சலில் அவருடைய மூன்று பிள்ளைகள் செத்துப் போனார்கள். தான் கற்ற வைத்தியம் தன் பிள்ளைகளுக்கே உதவவில்லையே என்ற ஆற்றாமையில் வேறு வழி தேடி, 1874 இல் இந்த முறையை வெளியிட்டார். அவரிடம் படித்த லிற்றில்ஜோன் என்பவர் 1917 இல் லண்டனில் பிரிட்டிஷ் ஸ்கூல் ஒஃப் ஒஸ்ரியோபதியைத் தொடங்கினார். நான் படித்தது அங்கேதான். 2017 இல் அது யூனிவேர்சிற்றி கொலிஜ் என்று பெயர் மாறியது. 2024 இல் போர்ண்மவுத்தில் இருந்த கல்லூரியோடு இணைந்து, இப்போது ஹெல்த் சயன்சஸ் யூனிவேர்சிற்றி என்று பெயர்.

ஏன் அந்தக் கல்லூரி என்று கேட்டால், உண்மையைச் சொல்லுகிறேன்: நோதேர்ண் லைன். கோலியர்ஸ் வுட்டில் ஏறினால் பதினோராவது ஸ்ரேசன் பரோ. பாங்க் பக்கம் போகிற ரெயின் என்றால் மாறத் தேவையில்லை. வேலைக்குப் போகிற, பிள்ளைகள் உள்ள பொம்பிளைக்குக் கல்லூரியின் பெருமையை விட அது பெரிய விஷயம். போக அரை மணி, வர அரை மணி. என்னுடைய உடற்கூற்றியல் முழுவதும் அந்த ரெயினில் படித்ததுதான். ரூட்டிங்கில் ஏறுகிற எங்கட சனம் என் மடியில் கிடக்கிற எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போய் இருந்ததும் உண்டு.

முழுநேரம் என்றால் நாலு வருஷம், பகுதிநேரம் என்றால் ஐந்து. நான் ஐந்து வருஷக்காரி. பெரும்பாலும் சனி ஞாயிறில் வகுப்பு, பிறகு கிளினிக் நாட்கள். அந்த நாட்களை ஈடுசெய்ய வார்ட்டில் இரவு வேலை எடுத்தேன். மகனைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது ஐந்து வருஷமும் அவர்தான், பெற்றோல் செற்றில் இரவு நின்றுவிட்டு நித்திரை கொள்ளாமல். மகளுடைய ஏ லெவல் வருஷத்தில் நான் எத்தனை நாள் அவளோடு இருந்து சாப்பிட்டேன் என்று எண்ணினால் கை விரல் காணும். இதை மறைத்துவிட்டு "நானும் படித்தேன், நீங்களும் படியுங்கோ" என்று மேடையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுகாதார வேலையில் இருந்துவிட்டுப் போகிறவருக்குப் பாதிப் படிப்பு ஏற்கனவே தெரியும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரத்தம், நுரையீரல், நீரிழிவு எல்லாம் சுலபமாகத்தான் இருந்தன. கைதான் கஷ்டம். நேர்ஸின் கை அவசரக் கை. புரட்டும், துடைக்கும், ஊசி போடும், அடுத்த கட்டிலுக்கு ஓடும். இரண்டாம் வருஷச் செய்முறைச் சோதனையில் நான் பெயில். "நோயாளியைத் தொட்டீர்கள், ஆனால் என்ன உணர்ந்தீர்கள் என்று உங்களால் சொல்ல முடியவில்லை" என்றார் சோதித்தவர். இருபது வருஷமாக ஆட்களைத் தொட்டு வேலை செய்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்! அன்றைக்கு ரெயினில் பல்ஹாம் வரைக்கும் அழுதேன். அவர் சொன்னது சரி. கையை வைத்துவிட்டுப் பொறுத்திருக்க எனக்குத் தெரியவில்லை. மறுமுறை எழுதிப் பாஸ் பண்ணினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பெரியவர்கள் மன்னிக்க வேணும். இந்தப் படிப்பில் மாணவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பழக வேண்டும். முதுகைப் பார்க்க வேண்டும் என்றால் மேல்சட்டையைக் கழற்றத்தான் வேண்டும். வகுப்பில் என் மகளின் வயதுப் பிள்ளையள். நான் பொட்டும் தாலிக்கொடியுமாய் ஒரு மூலையில். முதல் நாள் உடுப்பு மாற்றும் அறைக்குள் போய் அரை மணித்தியாலம் வெளியே வரவில்லை. திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில், முதுகுப் பக்கம் திறக்கிற ஆஸ்பத்திரிக் கவுண் போட்டுக்கொள்ளலாமா என்று ஆசிரியையிடம் கேட்டேன். "தாராளமாக" என்றா. கேட்டால் கிடைக்கிற விஷயத்துக்கு அரை மணித்தியாலம் செத்திருக்கிறேன். ஆனால் அந்த அரை மணித்தியாலம் வீண் போகவில்லை. எங்கட அம்மாமார் வைத்திய அறைக்குள் ஏன் வாய் திறப்பதில்லை என்று நேர்ஸாக இருந்த காலத்தில் எனக்கு விளங்கியதே இல்லை. இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் முதலே சொல்லிவிடுவேன்: எதைக் கழற்ற வேண்டும், ஏன், வேண்டாம் என்றால் வேறு வழி என்ன, கூட ஆரையும் வைத்திருக்கலாம் என்று. தொடுவதற்கு முதல் சம்மதம் கேட்பது இங்கே மரியாதை மட்டும் இல்லை, தொழில் விதி.

மூன்றாம் வருஷத்திலிருந்து சதக் பிரிட்ஜ் ரோட்டில் இருந்த கல்லூரிக் கிளினிக். பதிவு பெறுவதற்கு முன் ஆயிரம் மணித்தியாலம் நோயாளிகளோடு பயிற்சி காட்ட வேண்டும். வார்ட்டில் நோயாளி வரும்போது பைலும் கூட வரும், நோயின் பெயரும் எழுதியிருக்கும். இங்கே வெள்ளைத்தாளும் பேனையும்தான். கதையைக் கேட்டு நாங்கள்தான் எழுத வேண்டும். எப்போது தொடங்கியது, இரவில் நித்திரையைக் குழப்புகிறதா, மெலிந்து போனீர்களா, சலம் போவது எப்படி என்று.

இந்தக் கேள்விகளை முதன்முதலாக வகுப்பில் எழுதிய நாளில் என் கை நின்றுவிட்டது.

என் ஐயாவுக்கு 1989 இல் நாரிநோ வந்தது. "வயல் வேலை, வாதம்" என்றார்கள். ஐந்து மாதம் எண்ணெய் போட்டு உருவினார்கள். இரவில் முனகுவார். மெலிந்து போனார். சலம் போகக் கஷ்டம் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், பெண்பிள்ளைகளிடம் சொல்ல வெட்கம். கடைசியில் இரண்டு காலும் இயங்காமல் போன பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புரொஸ்ரேற் புற்றுநோய், முள்ளந்தண்டுக்குப் பரவி இருந்தது. நான் அப்போது அதே ஆஸ்பத்திரியில் நேர்ஸ் மாணவி. லீவில் வீட்டுக்கு வந்தபோது நானும் அவருடைய நாரிக்கு எண்ணெய் போட்டு உருவியிருக்கிறேன். ஆரையும் குறை சொல்ல இல்லை. எனக்கும் விளங்கவில்லை.

நேர்ஸ் வேலை காணாதா, ஏன் இந்த வயதில் படிப்பு என்று கேட்டவர்களுக்கு "ஆட்களைத் தூக்கித் தூக்கி என் நாரியே போய்விட்டது, அதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய் இல்லை.

நாலாம் வருஷத்தில் ஒரு முதியவர் வந்தார், எங்கட ஆள் இல்லை. ஆர் என்று அறியக்கூடியதாக எதையும் சொல்ல மாட்டேன். நாரிநோ, இரவில் கூட. கேள்விகளைக் கேட்டேன். பதில்கள் எனக்குப் பழக்கமானவையாக இருந்தன. மேற்பார்வை ஆசிரியரைக் கூப்பிட்டேன். அன்றைக்கு அவருக்கு ஒரு சிகிச்சையும் செய்யவில்லை. உடனே ஜீபிக்குக் கடிதம் எழுதிக் கையில் கொடுத்தோம். பிறகு அவர் வரவில்லை. என்ன ஆனது என்று எனக்குத் தெரியவும் வரவில்லை. ஐந்து வருஷத்தில் நான் செய்த நல்ல வேலை அந்தக் கடிதம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அதனால் உங்களுக்கு ஒன்று சொல்லுகிறேன், கவனமாகக் கேளுங்கோ. நாரிநோவோடு சலமோ மலமோ வழமைபோல் போகாமல் விட்டால், அல்லது கட்டுப்படாமல் போனால், தொடைகளுக்கு இடையில், இருக்கிற இடம் மரத்துப் போனால், இரண்டு காலும் பலமிழந்தால், ஒஸ்ரியோபத்திடம் வராதேங்கோ, விடியட்டும் என்று பார்க்காதேங்கோ. நேரே ஏ அன்ட் ஈ. நரம்பு நெரிபட்டால் மணித்தியாலக் கணக்கு. புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக முதுகுநோ வந்தாலும் உடனே டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

இந்தப் படிப்பின் எல்லாவற்றையும் நான் நம்புகிறேனா என்று ஒரு தம்பி கேட்டார். இல்லை. ஸ்ரில் அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட எல்லா நோய்க்கும் உடம்பின் அமைப்புக் கோளாறே மூலம் என்றார். நேர்ஸாக இருந்துகொண்டு அதை ஏற்க முடியாது. 2016 இல் வந்த நைஸ் வழிகாட்டியும், நாரிநோவுக்குக் கைச்சிகிச்சையைத் தேகப்பயிற்சியோடு சேர்த்துத்தான் யோசிக்கலாம் என்கிறது. கட்டிலில் படுத்திருந்து உருவச் சொல்லிவிட்டு, வீட்டில் ஒரு பயிற்சியும் செய்யாதவர்களுக்கு நான் காசைத் திருப்பிக் கொடுக்கலாமோ என்றுகூட யோசிப்பேன்.

1993 இல் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. 1998 இல் பதிவேடு திறந்தார்கள். ஜெனரல் ஒஸ்ரியோபதிக் கவுன்சிலில் பதியாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது இன்று குற்றம். ஆரிடம் போவதென்றாலும் முதலில் அந்தப் பதிவேட்டில் பெயரைப் பாருங்கோ. எனக்கு இப்போது இரண்டு பதிவு, இரண்டு சந்தா, இரண்டு கணக்கு. நேர்ஸுக்கு மூன்று வருஷத்தில் முப்பத்தைந்து மணித்தியாலம் தொடர்படிப்பு, ஒஸ்ரியோபத்துக்குத் தொண்ணூறு. வாரத்தில் இரண்டு நாள் வார்ட், இரண்டு நாள் கிளினிக். பெரும்பாலும் ஆட்கள் தங்கள் காசில்தான் வருகிறார்கள் என்பதால் வருமானம் ஒரு மாதம் போல் மறு மாதம் இராது. வார்ட் வேலையை விடாததற்கு அதுதான் காரணம்.

படிக்க நினைக்கிற தம்பி தங்கைமார் சேருவதற்கு முதல் மூன்று விஷயம் விசாரியுங்கோ. அந்தப் படிப்பைக் கவுன்சில் அங்கீகரித்திருக்கிறதா? உங்கள் விசாவுக்கு உள்ளூர்க் கட்டணமா, வெளிநாட்டுக் கட்டணமா? ஏற்கனவே பட்டம் இருந்தால் அரசாங்கக் கல்விக்கடன் கிடைக்குமா? மூன்றாவதில் பலர் விழுந்து போயிருக்கிறார்கள். வேலை இடத்தில் மேலாளரிடமும் முன்கூட்டியே கதையுங்கோ. நான் ரோட்டா வந்த பிறகு கதைத்து ஒரு வருஷம் அவதிப்பட்டேன்.

பேச்சு முடிய மேசைப் பக்கம் நிற்பேன். படிப்பைப் பற்றிக் கேட்கலாம். தயவு செய்து அங்கே ஒருவரும் முழங்காலைக் காட்டாதேங்கோ, போன வருஷம் பதினொரு முழங்கால் பார்த்தேன், வடை ஆறிப்போச்சு.