ஒரு செடியாக இருக்கும்போதே சொல்லுங்கள்



தோட்டத்தில் புதிதாக ஒரு செடி முளைத்தால் அதை முதலில் பார்ப்பவர் யார்? விவசாய இலாகா அதிகாரியா? பல்கலைக்கழகப் பேராசிரியரா? இல்லை. விடியற்காலையில் நிரைக்குப் போகும் பால்மரத் தொழிலாளி பார்க்கிறார். புல்லுக்கு மருந்து அடிக்கும் பெண்கள் பார்க்கிறார்கள். ஆடு மாடு மேய்க்கும் பெரியவர் பார்க்கிறார். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஆனால் பார்த்ததை யாரிடமும் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. "ஏதோ ஒரு புல்" என்று தாண்டிப் போய்விடுகிறோம். அப்படித் தாண்டிப் போகக்கூடாத ஒரு செடியைப் பற்றியும், பார்த்ததைச் சொல்லும் பழக்கத்தைப் பற்றியும் இன்று பேசுவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த செடிகொடி எல்லாமே கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நம் தோட்டமே இல்லாமல் போய்விடும். ரப்பர் மரம் பிரேசில் நாட்டுக் காட்டு மரம். 1876ஆம் ஆண்டு அதன் விதைகள் இலண்டனுக்குக் கொண்டு போகப்பட்டன. மறு ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. செம்பனையோ மேற்கு ஆப்பிரிக்காவின் மரம்.

இன்னொன்றும் உண்டு. முன்பெல்லாம் செம்பனைப் பூக்களுக்கு மகரந்தத் தூளைக் கையால் தூவ வேண்டியிருந்தது. நம் பெண்கள் அந்த வேலைக்கென்றே போவார்கள். நம் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறிய வண்டைக் கொண்டுவந்து, 1981ஆம் ஆண்டு இங்கே செம்பனைத் தோட்டங்களில் விட்டார்கள். அந்த வண்டு பூவுக்குப் பூ போய் மகரந்தத்தைச் சேர்க்கிறது. கையால் தூவும் வேலை தேவையற்றுப் போயிற்று. ஆனால் அந்த வண்டை அவிழ்த்துவிடுவதற்கு முன் அடைத்து வைத்துச் சோதித்தார்கள். வேறு பயிர்களைத் தின்னுமா, கெடுக்குமா என்று பார்த்தார்கள். அதாவது, அது முன்வாசல் வழியாக, கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்த விருந்தாளி.

யாரும் அழைக்காமல், யாரும் சோதிக்காமல், கொல்லைப்புறமாக நுழைவதுதான் ஆபத்து. அதன் சொந்த நாட்டில் அதைத் தின்று அடக்கி வைக்கும் பூச்சிகளும் நோய்களும் இருக்கும். இங்கே அவை இல்லை. ஆகவே தட்டிக் கேட்க ஆளில்லாத முரடனைப் போல அது பரவுகிறது. குளங்களை மூடும் ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து அப்படிப் பரவியதுதான். கீரைப் பாத்தியை இரவோடு இரவாக மேய்ந்துவிடும் பெரிய நத்தை கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பரவியது.

நாம் இன்று பேசப் போகும் செடியின் பெயர் பார்த்தீனியம். மலாய் மொழியில் இதனை 'ரும்பாய் மியாங் மெக்சிக்கோ' என்கிறார்கள். மியாங் என்றால் அரிப்பு. பெயரே எச்சரிக்கை செய்கிறது.

இது அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளைச் சேர்ந்தது. இந்தியாவில் 1955ஆம் ஆண்டு வாக்கில் பூனா நகரத்தில் இதைக் கண்டார்கள். அப்போது அதைப் பெரிதாக எண்ணியவர் சிலரே. இன்று இந்தியாவில் இது பரவியிருக்கும் நிலம் சுமார் மூன்றரைக் கோடி ஹெக்டேர் என்று மதிப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். இரயில் பாதை ஓரத்திலும் வெற்று மனைகளிலும் இடுப்பளவு உயரத்தில் வெள்ளைப் பொட்டுகளாகப் பூத்து நிற்கும். 1984ஆம் ஆண்டில் இதன் இலையைத் தின்னும் வண்டை மெக்சிக்கோவிலிருந்து வரவழைத்து பெங்களூரில் விட்டார்கள். வண்டு தின்கிறது. செடியும் முளைத்துக்கொண்டே இருக்கிறது. இலங்கையில் 1999ஆம் ஆண்டு வவுனியாவில் இதை அடையாளம் கண்டார்கள். பிறகு யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்கும் பரவியது.

நம் மலேசியாவில் 2013ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்தில் இது இருப்பது தெரியவந்தது. கெடாவிலும் பெரிய அளவில் காணப்பட்டது. பின்னர் வேறு மாநிலங்களிலும் தென்பட்டது. சாலையோரங்களிலும் கால்நடைப் பண்ணைகளை ஒட்டியும் வளர்ந்திருந்தது. இச்செடியைக் கண்டால் தெரிவியுங்கள் என்று விவசாய இலாகா பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது.

நெகிரி செம்பிலான் சிலாங்கூருக்கு அடுத்த வீடு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை நீலாய், சிரம்பான் வழியாகப் போகிறது. இரயில் பாதை கிம்மாசில் இரண்டாகப் பிரிகிறது. லோரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. இச்செடியின் விதை மிகச் சிறியது. டயரில் ஒட்டிய சேற்றில் வரும். மாட்டின் குளம்பில் வரும். வைக்கோலிலும் தீவனத்திலும் வரும். மண் தோண்டும் இயந்திரத்தில் வரும். மழை வெள்ளத்திலும் வரும். ஆகவே நம் லயத்து வாசலுக்கு அது வந்து சேர்வது கடினமான காரியம் அல்ல.

இதனால் என்ன கெடுதி? முதலாவது, மனிதருக்கு. இதைத் தொட்டுப் புழங்குகிறவர்களில் பலருக்குத் தோல் அரித்துத் தடிக்கும். சிலருக்கு அது ஆறாத தோல் நோயாகவே நின்றுவிடும். இதன் மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்மலும் சளியும் வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறும். இரண்டாவது, கால்நடைக்கு. மாடு பெரும்பாலும் இதைத் தின்னாது. வேறு புல் இல்லாமல் தின்றுவிட்டால் பால் கசக்கும். அதிகமாகத் தின்றால் உயிருக்கே ஆபத்து. சம்பளம் பற்றாமல் இரண்டு மாடு வைத்துப் பால் கறந்து விற்கும் குடும்பத்துக்கு இதன் பொருள் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது, நிலத்துக்கு. இது வளரும் இடத்தில் மற்றப் புல்பூண்டு முளைக்க முடியாதபடி தன் நஞ்சை மண்ணில் விடுகிறது. மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது.

சரி, எப்படி அடையாளம் காண்பது? இளஞ்செடியாக இருக்கும்போது இலைகள் தரையோடு ஒட்டி வட்டமாகப் பரந்திருக்கும். இலை, கேரட் இலையைப் போல ஆழமாகப் பிளந்திருக்கும். செவ்வந்தி இலையின் சாயலும் உண்டு. நிறம் வெளிறிய பச்சை. பிறகு நடுவிலிருந்து தண்டு எழும்பிப் பல கிளைகளாகப் பிரியும். தண்டில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும். மெல்லிய ரோமமும் இருக்கும். உச்சியில் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு பூவுக்கும் ஐந்து மூலைகள் தெரியும். நாம் சாப்பிடும் உலாம் ராஜா கீரையும் பார்வைக்கு ஓரளவு இப்படித்தான் இருக்கும். ஆனால் அதன் பூ இளஞ்சிவப்பு, இதழ்களும் பெரியவை. அவசரப்பட்டு அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முளைத்த 4 முதல் 6 வாரங்களில் இது பூத்துவிடுகிறது. நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 விதைகள் வரை உதிர்க்கும். நூற்றுக்கு ஒன்றே முளைத்ததாக வைத்துக்கொண்டாலும் 150 செடிகள். அந்த 150 செடிகளும் விதை உதிர்த்தால் 22 இலட்சத்து 50 ஆயிரம் விதைகள். விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, மழையும் வெளிச்சமும் கிடைத்ததும் எழுந்து வரும். முதல் செடியை ஒருவர் ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடலாம். ஓராண்டு கழித்து ஊரே திரண்டாலும் தீராது. நகத்தால் கிள்ளவேண்டியதைக் கோடரி கொண்டு வெட்டும்படி விடாதே என்று நம் பெரியவர்கள் சொல்வது இதற்குத்தான்.

முன்கூட்டியே பிடிப்பது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மேய்ச்சல் நிலங்களை இச்செடி பெருமளவு பிடித்துக்கொண்டது. அதற்குத் தெற்கே உள்ளது நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். அங்கே 1982ஆம் ஆண்டு இச்செடி முதன்முதலாகக் காணப்பட்டது. குயின்ஸ்லாந்திலிருந்து வரும் அறுவடை இயந்திரங்களை எல்லையிலேயே சோதிக்கிறார்கள். செடியைக் கண்டவர் உடனே அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். செடி அங்கே மீண்டும் மீண்டும் எட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ பார்த்துச் சொல்கிறார்கள், அழிக்கிறார்கள். அதனால்தான் பக்கத்து மாநிலத்தைப் போல அங்கே அது வேரூன்றவில்லை. இரண்டு மாநிலத்திலும் செடி ஒன்றுதான். சொல்லும் வாயில்தான் வேறுபாடு.

ஆகவே, சந்தேகப்படும்படியான செடியைக் கண்டால் என்ன செய்வது? முதலில், வெறுங்கையால் தொடாதீர்கள். கைப்பேசி இருந்தால் மூன்று படம் எடுங்கள்: முழுச் செடி ஒன்று, இலை ஒன்று, பூ ஒன்று. இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தத் தோட்டம், எந்த நிரை அல்லது எந்தச் சாலை, எத்தனை செடிகள், பூ விட்டதா இல்லையா, என்ன தேதி. பிறகு உங்கள் மாவட்ட விவசாய அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். சிரம்பான், போர்ட்டிக்சன், ரெம்பாவ், தம்பின், கோலப்பிலா, ஜெம்போல், ஜெலுபு என்று நம் மாநிலத்தில் மாவட்டங்கள் ஏழு. உங்கள் மாவட்டம் எது என்று உங்களுக்குத் தெரியும். தோட்டத்துக்குள் கண்டால் மண்டோரிடமும் சொல்லி வையுங்கள்.

அதிகாரிகள் பிடுங்கச் சொன்னால், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது பிடுங்குவது நல்லது. கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கை மூடத் துணி ஆகியவை அவசியம். பூத்திருந்தால் முதலில் பூக்களின் மேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டிவிட்டு, வேரோடு பிடுங்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் தோல் ஒவ்வாமை உள்ளவர்களும் பக்கத்தில் போகவேண்டாம். வேலை முடிந்ததும் காலணிச் சேற்றை அங்கேயே கழுவிவிட்டு வாருங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். புதிதாக முளைத்தவை பூப்பதற்குள் அகப்பட்டுவிடும்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிரியரிடம் காட்டுவதற்காகச் செடியைப் பறித்துப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். வழியெல்லாம் விதை சிந்தும். செடியை ஆசிரியரிடம் கொண்டு வராதீர்கள், ஆசிரியரைச் செடியிடம் கூட்டிப் போங்கள்.

பெரியவர்கள் சிலர் மனத்தில் வேறொரு தயக்கம் இருக்கும். அதை நாம் அறிவோம். "அதிகாரியைக் கூப்பிட்டால் மாட்டுப் பட்டியையும் பார்ப்பார்கள். ஏன் இங்கே மாடு மேய்கிறது என்று கேட்பார்கள். வம்பை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?" செம்பனைக் காட்டில் மாடு மேய்ப்பதைப் பற்றிய வழக்கு பழைய வழக்கு. அந்தப் பயம் காரணமில்லாத பயம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். செடியை மறைத்தால் அது மறைந்து நிற்காது. மேய்ச்சல் நிலத்தைத்தான் முதலில் பிடிக்கும். மாடு வைத்திருப்பவரே முதலில் நட்டப்படுவார். தனியாகப் போகத் தயங்கினால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் மூலமாகவோ கோயில் நிருவாகத்தின் மூலமாகவோ சொல்லலாம். மலாய் மொழியில் கடிதம் எழுத வேண்டுமானால் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். ஆசிரியர்கள் நாங்கள் எழுதித் தருகிறோம். அதற்குத்தானே இருக்கிறோம்.

நம்மோடு வேலை செய்யும் நேப்பாளத் தோழர்களையும் வங்காளதேசத் தோழர்களையும் கேளுங்கள். அவர்கள் நாட்டிலும் இச்செடி பரவியிருக்கிறது. நம்மைவிட விரைவாக அவர்கள் அடையாளம் காட்டக்கூடும்.

மருந்து அடிக்கும் பெண்களுக்கு இறுதியாக ஒரு சொல். எந்தப் புல் எந்த மருந்துக்குச் சாகும், எது சாகாது, எது போன மாதம் இல்லாதது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அந்த அறிவுக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆனாலும் அது அறிவுதான். போன மாதம் இல்லாத ஒன்றை இந்த மாதம் கண்டால், "இது புதுசு" என்று உரக்கச் சொல்லுங்கள். சொன்னது தவறாகப் போனால் ஒருவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்புவார், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டது பார்த்தீனியமாக இருந்தால், அதைப் பிடுங்கும் வேலை நம் பேரப்பிள்ளைகளுக்கும் மீந்திருக்கும்.